ஒன்பதாம் தறி

கறைபட்ட இடத்தை வெட்டி எடுப்பதுதான் பரிபூரணத்துக்கு வேலை. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் பதினாறு தறி ஓடுகிற ஒரு கொட்டகை இருக்கிறது. அங்கே நெய்வதெல்லாம் பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குச் சுற்றுவார்களே, அதுதான். தறியிலிருந்து இறங்குகிற துணி கண்ணாடி மேஜைக்கு வரும். மேஜைக்கு அடியில் டியூப் லைட் எரியும். துணியை இழுத்து இழுத்துப் பார்த்து, எண்ணெய் சொட்டிய இடம், துரு ஏறிய இடம், யாரோ டீயைச் சிந்திய இடம் எல்லாவற்றையும் கத்திரியால் நறுக்கி ஓரமாகப் போடவேண்டும். பத்தொன்பது வருஷமாக அதே மேஜை, அதே லைட். கண்ணாடி போட்டும் அவளுக்கு இப்போது நூல் கோக்கத்தான் சிரமம். கறை மட்டும் பத்தடி தள்ளியே தெரிந்துவிடும்.

அந்த மேஜையிலிருந்து துணி நேராகப் போவது அவள் புருஷன் தவசிமுத்துவிடம். ரோட்டிலேயே கொஞ்சம் தள்ளி ஒரு வெளுப்புப் பட்டறை. அங்கே அவர் முப்பது வருஷத்து ஆள். தறியிலிருந்து இறங்கும்போது துணி வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, கஞ்சி வாடையோடு இருக்கும், கோரா என்பார்கள். அதைக் காஸ்டிக்கில் வேகவைத்து, வெளுத்து, அலசி, கொக்கு மாதிரி ஆக்கி அனுப்புவது அவர் பொறுப்பு. எங்கள் தெருவில் யார் சட்டையில் மாம்பழப் பால் பட்டாலும் அவரிடம்தான் ஓடுவோம். "கறைன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு மருந்துன்னு ஒண்ணு இருக்கும்லா" என்று வாங்கி வைத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால் இலையைப் பார்க்கமாட்டார். எதிரில் இருப்பவர் வேட்டியில் சாம்பார் பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். கை அரிக்கிற மனுஷன்.

பரிபூரணத்துக்கு வீட்டில் இன்னொரு வேலை உண்டு. ஒட்டுப்போர்வை தைப்பாள். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. உடுத்தி நைந்த சேலைதான் முதலில் மேலே படவேண்டும். இது எல்லாச் சாதிக்கும், வேதக்கார வீட்டுக்கும் பொது. தாயின் சேலை, சித்தியின் சேலை, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது என்று நாலைந்தைக் கிழித்து, நடுவில் பேண்டேஜ் துணியை மடித்து வைத்து, கையாலேயே நெருக்கித் தைத்துக் கொடுப்பாள். தெலுங்கு பேசுகிற வீடுகளில் அதைப் பொந்த என்பார்கள். ராஜபாளையத்தில் எட்டு மாசம் ஆன பெண் இருக்கிற வீட்டிலிருந்து ஒரு பை பழஞ்சேலை அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். என் மகளும் அதில் உருண்டு ஒண்ணுக்குப் போனவள்தான்.

தைத்து முடித்ததும் போர்வையை அவள் நேராகக் கொடுத்துவிட மாட்டாள். தவசிமுத்து அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சோடாவில் ஒரு கொதி விட்டு, ஏழு தண்ணியில் அலசி, நிழலில் காயப்போட்டு, மடித்துக் கொண்டுவருவார். பச்சைப் பிள்ளைக்குப் போகிற துணி. அவள் கையில் தொடங்கி அவர் கையில் முடியும். இருபது வருஷமாக அவர் கை படாமல் ஒரு போர்வை அந்த வாசலைத் தாண்டியதில்லை. நடந்த கூத்துக்கு இதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெரிய வேலை தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடவில்லை. ஓட்டுச் சந்தில் ஒழுகிய தண்ணீர் ஒன்பதாம் தறியின் இரும்பில் விழுந்து, துருவை வாங்கிக்கொண்டு, துணியில் இறங்கியிருக்கிறது. திங்கட்கிழமை பார்த்தால் இரண்டடி நீளத்துக்குச் செந்தழும்பு. அந்தத் தறியை ஓட்டிய மாரிசெல்வி கல்யாணமாகி மூன்று மாசம் ஆன பிள்ளை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போகவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் மேஸ்திரி வாய்க்கு வந்தபடி பேசிவிட்டான். அவள் தறிக்கடியிலேயே உட்கார்ந்து அழுதாள். வெட்டின துண்டு பரிபூரணத்தின் மேஜை ஓரத்தில் கிடந்தது. அய்யனார் கோவில் அருவி மழைக்கு இறங்குகிற மாதிரி மேலே ஒற்றைக் கோடாய்த் தொடங்கிக் கீழே பிரிந்திருந்தது. அதைக் கழிவுச் சாக்கில் போட அவளுக்கு மனசு வரவில்லை. மடித்து டிபன் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் அடியில் ஏழு மடிப்புத் துணி வைத்து, கறையின் விளிம்பை ஒட்டி ஒரு சுற்றுத் தையல் ஓட்டினாள். அதைச் சுற்றி இன்னொரு சுற்று. தளவாய்புரம் நைட்டிக் கம்பெனிகளில் மிச்சப்படுகிற பாலியஸ்டர் நூல்கண்டு அவளிடம் நிறையக் கிடந்தது. பச்சை, ஊதா, குங்குமம் என்று கைக்கு வந்ததைக் கோத்தாள். நாற்பது சுற்று வந்தது. முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் தையல் மிஷினுக்கு மூடாக்காகப் போட்டு வைத்தாள். மிஷின் மூடாக்குத்தானே என்று தவசிமுத்துவும் விட்டுவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஷெரின் என்று ஒரு பெண் அண்ணன் பிள்ளைக்குப் போர்வை வாங்க வந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். போர்வையை விட்டுவிட்டு மிஷினையே பார்த்தாள்.

"அக்கா, இது என்னது?"

"மிஷினுக்கு மூடாக்கு."

"இது மாதிரி இன்னும் இருக்கா?"

"கறைதான? கறைக்கா பஞ்சம்?"

அன்றைக்கு ஷெரின் போகும்போது, இதைப் பெரிதாகச் செய்யுங்கள், தறிக்கு ஒன்றாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். விளையாட்டுக்குச் சொன்னதை விடாப்பிடியாகச் செய்துவிடுவது பரிபூரணத்தின் குணம். நாலு வருஷம் ஆயிற்று. பதினாறு தறி, பதினாறு கட்டம்; மிஷின் மூடாக்குத்தான் ஒன்பதாவது. வேலை முடிந்து வந்து, சோறு பொங்கி, விளக்கு அணைக்குமுன் ஒரு மணி நேரம். வரிசைக்கு நாலாகச் சேர்த்துத் தைத்ததும் ஆள் உயரத்துக்கு மேலே வந்துவிட்டது. ஷெரின் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினாள். துணியில் செய்கிற வேலைகளுக்கென்று அங்கே ஒரு கண்காட்சி. தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் பரிபூரணம் ஒருத்தி. சின்னப் புத்தகமே அடித்து அனுப்பியிருந்தார்கள். 'பரிபூரணம் தவசிமுத்து, ராஜபாளையம். துணி, கறை, நூல்' என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. அதை அவள் வேதாகமத்துக்குள் வைத்திருந்தாள். புருஷனிடம் காட்டவில்லை. "மெட்ராஸுக்கு ஒரு போர்வை போகுது" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஷெரின் வந்து துணியைப் பார்த்துப் பெட்டி கட்ட, வியாழக்கிழமை பரிபூரணமும் அவளும் ரயிலில் கொண்டுபோவதாக ஏற்பாடு. பரிபூரணம் அந்த வாரம் முழுக்க லீவு சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மகாராஜபுரத்துக்குப் போகவேண்டி வந்தது. அக்கா மகன் வினோத்தைப் பட்டாளத்துக்கு எடுத்திருந்தார்கள். கறி விருந்து. போகாவிட்டால் அக்கா ஆயுசுக்கும் பேசமாட்டாள்.

சனிக்கிழமை காலையில் தவசிமுத்து டிரங்குப்பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்தார். சும்மா பார்க்கத்தான் எடுத்தார். கட்டிலில் விரித்தார். கோராவாகவே இருக்கிறது. ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் டீ, ஒரு பக்கம் ரத்தம். இதைப் போய் மெட்ராஸுக்கா? வெளுக்கிறவன் பெண்டாட்டி வீட்டிலிருந்து வந்த துணி என்று அங்கே நாலு பேர் சொல்லமாட்டார்களா? அவசரத்தில் மறந்துவிட்டாள், தன்னிடம் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறாள் என்றே அவருக்குத் தோன்றியது. மனசு இளகிவிட்டது. டிவிஎஸ் பிப்டியில் முன்னால் வைத்து அணைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். நாங்கள் பார்த்தோம். தூங்குகிற பிள்ளையைக் கொண்டுபோகிற மாதிரித்தான் கொண்டுபோனார்.

பெரிய கொதிகலனில் போட்டால் கைத்தையல் தாங்காது என்று அவருக்குத் தெரியும். வலைப்பையில் கட்டி, சின்னத் தொட்டியில் இறக்கி, சூட்டைக் குறைத்து வைத்து ஆறு மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. ஏழு தண்ணிக்குப் பதில் பத்துத் தண்ணி அலசினார். எல்லாம் போய்விட்டது, துரு ஒன்றைத் தவிர. துருவுக்கு வேறு ஆசிட் வேண்டும், பட்டறையில் தீர்ந்திருந்தது. எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விளிம்பு கொஞ்சம் மங்கியதே தவிர அசையவில்லை. அது அவருக்குப் பெரிய குறையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரிபூரணம் தேங்காய் மூட்டையோடு வந்து இறங்கினாள். கட்டிலில் பேப்பர் சுற்றி, சணல் கட்டி, ஒரு பொட்டலம் இருந்தது.

"பஸ்ல கூட்டமா?" என்று கேட்டார்.

"வத்திராயிருப்புல இருந்து நின்னுக்கிட்டே வாரேன். சித்தப்பா எங்கன்னு வினோத் பத்து மட்டம் கேட்டுட்டான். ஒங்களுக்குத்தான் பட்டறைய விட்டா ஒலகம் கெடையாதே."

"சரி சரி. கையக் கழுவிட்டு அதப் பிரிச்சுப் பாரு."

அவள் பிரித்தாள். வெள்ளை.

"இது என்னத்துக்கு? கம்பெனித் துணிய வீட்டுக்குக் கொண்டாந்திருக்கீய?"

"நல்லாப் பாரு."

விரித்தாள். தையல் கையில் தட்டுப்பட்டது. பச்சை நூல், ஊதா நூல். துணியைப் புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள். கட்டில் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால் தவசிமுத்துவுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. அவள் கட்டம் கட்டமாகத் தடவியதைப் பார்த்ததும்தான் பயம் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் போகல பூரணம்" என்றார் அவசரமாக. "இரும்புக் கறை. நாளைக்கு ஆசிட் வந்துரும். ஷெரின் புள்ள வாரதுக்கு முன்னால எடுத்துருதேன்."

"எங்க?"

"அந்தா, மூணாவது வரிசையில மொதக் கட்டம்."

அவள் அந்தக் கட்டத்தை இழுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"ஒங்களச் செய்யச் சொன்னது யாரு?"

"யாரு சொல்லணும்? இருவது வருசமா எந்தப் போர்வ என் கை படாமப் போச்சு?"

"இது போர்வ இல்ல."

"பொறவு என்னது?"

அதற்கு ஷெரின் ஏதோ ஓர் இங்கிலீஷ் பேர் சொல்வாள். அது பரிபூரணத்தின் வாயில் நுழைந்ததே இல்லை.

"கறையத்தான் தச்சேன்" என்றாள். "நாலு வருசமா நான் தச்சது அம்புட்டும் கறை."

"கறையவா?"

"ஆமா. இந்தா, இது நாலாந் தறி. தறியில ஓடுற நாடாக்கட்ட துள்ளி வந்து இருளப்பசாமி பெருவெரல்ல அடிச்சுச்சே, அந்த ரத்தம். நகம் இன்னும் சரியா மொளைக்கல அவருக்கு. இது பன்னெண்டு. குருவம்மா டீயக் குடிச்சுக்கிட்டே சிரிச்சுப் பொரையேறி, துணியெல்லாம் தெறிச்சது. இது பதினொண்ணு, ஜெயபாண்டி எண்ணெ டப்பாவக் கவுத்துனது. ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். என்ன கெழமன்னு தெரியும். இப்ப எங்க இருக்கு? காட்டுங்க. எங்க இருக்கு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீ சொன்னியா? நாலு வருசத்துல ஒருக்காச் சொன்னியா ஏட்டி?"

"நீங்க கேட்டீயளா?"

அவர் கேட்டதில்லை. அவள் சொன்னதும் இல்லை. ஒரே அறையில் அவள் தைத்துக்கொண்டிருப்பாள், அவர் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். நாலு வருஷம் இப்படியே போயிருக்கிறது.

"சொன்னாச் சிரிப்பீயன்னு நெனச்சேன்" என்றாள். "கறை எடுக்கவன் வீட்டுல ஒருத்தி கறையக் கட்டிக்கிட்டு மாரடிக்காளேன்னு."

"சிரிச்சிருப்பேன்தான்" என்றார் தவசிமுத்து. "ஆனா தொட்டிருக்க மாட்டேன்."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. "பத்தொம்பது வருசமா வெள்ளத் துணியா வெட்டி அனுப்புதேன். எந்த ஊரு ஆஸ்பத்திரியோ, எவன் கால்ல சுத்துதானோ. அதுல எங்க கை பட்டதுக்கு ஒரு அடையாளம் உண்டா? நாங்க இருக்கது அம்புட்டும் வெட்டிப் போட்டதுலதான். அது ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஒரு சொவத்துல தொங்கட்டும்னு நெனச்சேன். நாலு பேரு நின்னு பாக்கட்டும்னு நெனச்சேன். அது பெரிய தப்பா?"

தவசிமுத்து எழுந்து பின்வாசலுக்குப் போனார். அவர் பொங்கி வைத்திருந்த கருவாட்டுக் குழம்பை அன்றைக்கு யாரும் தொடவில்லை. சத்தம் கேட்டு, பன்னிரண்டாம் தறி ஓட்டுகிற குருவம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, "மதினி, அண்ணன் வெளுத்தது பளிச்சின்னுதான இருக்கு" என்றாள். அதற்கு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஷெரின் ஒரு டப்பா பால்கோவாவோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் டப்பாவை மடியில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் போனை எடுத்துப் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. படம் எல்லாம் இருக்கு. எந்த எடத்துல என்ன கறை, எம்புட்டு அகலம், எல்லாம் தெரியுது. டீத்தூள், மிஷின் எண்ணெ வச்சு மறுபடி ஏத்திருவோமா? வியாழக்கிழமைதான ரயிலு."

தவசிமுத்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நிமிர்ந்தார். "ரெண்டு நாள் போதும். எடுக்கவனுக்கு ஏத்தவும் தெரியும். எந்தச் சூட்டுல வச்சா எம்புட்டு ஏறும்னு நான் பாத்துக்கிடுதேன்."

"ரத்தத்துக்கு?" என்று கேட்டாள் பரிபூரணம். "யாரு வெரலக் குத்துவீய?"

தவசிமுத்து மறுபடி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நெசக் கறை போயிருச்சு. இனிப் பொய்க் கறைய ஏத்தி, இதான் இருளப்பசாமி ரத்தம்னு நான் போய் நிக்கணுமா? எனக்கு வேண்டாம் ஷெரினு. என் பேர அடிச்சிருங்கன்னு சொல்லிரு."

சொல்லிவிட்டாளே தவிர, துணியைப் பெட்டிக்குள் வைக்க அவளால் முடியவில்லை. முற்றத்துக் கொடியில் போட்டாள். மேற்கேயிருந்து சாரல் காற்று வந்துகொண்டிருந்தது. வெயில் துணிக்குப் பின்னால் விழுந்தது. ஷெரின் எழுந்து வந்தாள். செத்த நேரம் பார்த்தாள். கொடியின் மறுபக்கம் போய்ப் பார்த்தாள்.

பாலியஸ்டர் நூலில் எந்த வெளுப்பும் ஏறாது. துணி வெளுத்திருந்தது, தையல் அப்படியே இருந்தது. பச்சையும் ஊதாவும் குங்குமமுமாக, சுற்றுக்குள் சுற்றாக ஓடி, நடுவில் போய் ஒன்றுமில்லாத வெள்ளையில் நின்றது. இருளப்பசாமியின் ரத்தம் சிதறிய ஆறு பொட்டுக்கும் ஆறு வளையம். குருவம்மாள் தெறித்த டீக்கு முப்பது குட்டி வளையம். கறை இருந்தபோது கண் கறைக்குத்தான் போகும். தையலை யாரும் பார்த்ததில்லை. ஒன்பதாம் கட்டத்தில் மட்டும் துரு, மங்கலாக, அப்படியே இறங்கியிருந்தது.

"அக்கா, நீங்க பாத்தீங்களா?" என்றாள் ஷெரின்.

பரிபூரணம் நேற்றிலிருந்து தடவித்தான் பார்த்திருந்தாள். எட்டி நின்று இப்போதுதான் பார்த்தாள். ஒவ்வொரு கட்டமாகக் கண்ணை ஓட்டினாள். பிறகு, "இப்பிடியே போகட்டும்" என்றாள். "வேண்டாம்னா திருப்பிக் கொண்டாந்துருவோம்."

ஷெரின் சென்னைக்குப் போன் போட்டுப் பேசினாள். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாளுக்கு அவ்வளவு சந்தோஷமில்லை. புத்தகத்தில் ஒரு படம், சுவரில் ஒரு துணி என்றால் எப்படி, நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, கொண்டுவந்து பாருங்கள் என்று வைத்துவிட்டாள். ஆகும் என்றும் இல்லை, ஆகாது என்றும் இல்லை.

"நீங்களும் வாரீய" என்றாள் பரிபூரணம் புருஷனிடம்.

"நான் எதுக்கு?"

"கறை எங்கன்னு கேட்டா யாரு பதில் சொல்லுவா? நீங்கதான் சொல்லணும்."

கோபத்தில் சொன்னாளா, வேறு எதிலாவதா என்று அவருக்குப் புரியவில்லை. ரயில் ஏறுவதற்கு இருந்த மூன்று நாளும் அவள் சோறு போட்டாள், பேசவில்லை. அவர் மூன்று நாளும் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் தறிக் கொட்டகைக்கு எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். தறிக்காரர்கள் டீ குடிக்க வரும் நேரம் அது. விஷயம் அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, ஏங்கிட்ட எடுத்த ரத்தத்தத் திருப்பிக் குடுக்க வந்தீயளா?" என்று இருளப்பசாமி கட்டைவிரலை நீட்டினார். கடையே சிரித்தது.

"சிரிக்காதப்பா. அது என்னைக்கு நடந்துச்சு, எப்பிடி நடந்துச்சு? சொல்லு" என்றார் தவசிமுத்து.

முதல் நாள் கேலி பண்ணினார்கள். இரண்டாம் நாள் அவர்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். அவரவர் கறையை அவரவர் சொன்னார்கள். மாரிசெல்வி இடுப்பில் பிள்ளையோடு வந்து, தார்ப்பாய் அன்றைக்குக் கிழிந்து கிடந்தது என்று மேஸ்திரியிடம் சொல்லவந்து வாய் வராமல் போனதைச் சொன்னாள். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கலவைக் கணக்கெல்லாம் மனசிலேயே வைத்திருக்கிற ஆள். அவருக்கு எழுத்து வேண்டியதில்லை.

சென்னையில் அந்தக் கூடம் பெரிதாக, குளிர்ச்சியாக இருந்தது. சுவரெல்லாம் வெள்ளை. இரண்டு ஆட்கள் ஏணி வைத்து, கம்பியில் கோத்து, துணியைத் தொங்கவிட்டார்கள். பொறுப்பான அம்மாள் இன்னும் வரவில்லை. பரிபூரணம் எதிர்ச் சுவர் ஓரம் கைப்பையை மடியில் வைத்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஷெரின் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். தவசிமுத்து துணிக்குப் பக்கத்தில், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

கூடத்தைத் துடைக்கிற ஆள் ஒருவர் கையில் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலும் துணியுமாக வந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த ஒரு எடத்துல மட்டும் அழுக்கு பட்டிருக்கு சார். ரயில்ல வந்ததுல்ல, துரு ஒட்டிக்கிச்சு. ஈரம் வச்சு ஒத்தி எடுத்துரவா?" என்று கேட்டுக்கொண்டே பாட்டிலை உயர்த்தினார்.

பரிபூரணம் ஸ்டூலை விட்டு எழுமுன் தவசிமுத்துவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏலே, தொடாத! அது ஒம்பதாந் தறி!"

அந்த ஆள் இரண்டடி பின்னால் போய்விட்டார். தவசிமுத்து துணிக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டிருந்தார். பிறகு கையை இறக்கினார். "கோவிச்சுக்கிடாதீய தம்பி" என்றார் தணிந்து. "அது மாரிசெல்வி தறி. மழ ஒழுகி வந்தது. தப்பு அந்தப் புள்ள மேல இல்ல, தார்ப்பாய் கிழிஞ்சு கெடந்துச்சு. அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

"மிச்சம்னா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. குட்டையாக முடி வெட்டிய, ஐம்பது வயசிருக்கிற ஓர் அம்மாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பொறுப்பானவள் அவள்தான். "மத்ததெல்லாம் எங்க?"

"நான் எடுத்துட்டேன்" என்றார் தவசிமுத்து. "தெரியாம எடுத்துட்டேன். நான் வெளுக்கவன்."

அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு துணியைப் பார்த்தாள். "இங்க என்ன இருந்துது?"

"அது நாலாந் தறி. இருளப்பசாமி ரத்தம்." அவர் வெறும் வளையத்துக்குள் விரலை வைத்துக் காட்டினார். "ஆறு பொட்டு. அன்னைக்கு அவன் மகன் சைக்கிள்ள இருந்து விழுந்துட்டான்னு சேதி வந்திருக்கு, தறிய நிப்பாட்டாமத் திரும்பிப் பாத்திருக்கான். நாடா துள்ளிருச்சு. இது ஏழு, வெத்தல எச்சி, யாருன்னு சொல்லமாட்டேன். இது பதினொண்ணு. ஜெயபாண்டி எண்ணெ போட்டுக்கிட்டு இருந்திருக்கான், போன் வந்திருக்கு. மக போலீஸ்ல செலக்ட் ஆயிட்டான்னு. கையில டப்பா இருக்கதையே மறந்துட்டான். ரெண்டு கையையும் மேல தூக்கிட்டான்."

பரிபூரணம் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தப் பதினோராம் கறையை அவள் மூன்று மாசம் தைத்திருக்கிறாள். குடித்துவிட்டு வந்து கவிழ்த்துவிட்டான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"எனக்கு இது தெரியாதே" என்றாள்.

"அவன்ட்ட கேட்டேன்" என்றார் தவசிமுத்து. மூன்று நாளைக்கு அப்புறம் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

துடைக்கிற ஆள் இன்னும் பாட்டிலோடு நின்றார். அந்த அம்மாள் அவரைப் பார்த்து, "அத உள்ள கொண்டு போய் வச்சுருங்க. இது இப்படியே இருக்கட்டும்" என்றாள். பிறகு துணிப் பக்கம் திரும்பினாள். "பேர் எழுதற எடத்துல ரெண்டு பேர் பேரும் போட்டுக்கலாமா?"

தவசிமுத்து பதறிப்போய் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பரிபூரணம் அவரைப் பார்க்காமலே, "போடுங்க" என்றாள். "தச்சது பரிபூரணம், கறை எடுத்தது தவசிமுத்து. அப்பிடியே போடுங்க."

"சரி" என்ற அந்த அம்மாள் முப்பது குட்டி வளையம் இருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "பன்னெண்டாவது என்ன?"

தவசிமுத்து வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார். "அத அவ சொல்லுவா" என்று ஒதுங்கி வழி விட்டார்.

பரிபூரணம் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெள்ளையாக இருந்த ஒரு வளையத்துக்குள் விரலை வைத்தாள்.

"இது எங்க குருவம்மா சிரிச்சது" என்றாள்.